வால்வுக்கு ஒரு புதுச் சட்டை

ரேடியோவின் குமிழைத் திருகியவுடன் பாட்டு வராத காலம் ஒன்று இருந்தது. ‘கிளிக்’ என்ற சத்தத்துக்குப் பிறகு அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். முதலில் ஸ்டேஷன் பெயர்கள் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரியும். சற்று விலை உயர்ந்த ரேடியோவாக இருந்தால், பச்சைக் கண் ஒன்று மெல்ல விழிக்கும். அதன் பின்னரே சென்னையோ, திருச்சியோ, கொழும்போ வாய் திறக்கும். அந்த அரை நிமிஷமும் பெட்டிக்குள் என்ன நடந்தது தெரியுமா? வால்வுகள் சூடேறிக்கொண்டிருந்தன!

அந்த ரேடியோக்களில் பல, காயலான் கடைக்குப் போய்விட்டன. மிஞ்சியவை சில வீடுகளில் பரணிலும், சில வீடுகளில் கூடத்து அலங்காரமாகவும் இருக்கின்றன. அவற்றைத் தூசி தட்டி, பழுது பார்த்து, மறுபடியும் பாட வைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட அன்பர்கள் உலகின் பல பாகங்களிலும் உண்டு. அமெரிக்காவில் 1952-லும், பிரிட்டனில் 1976-லும் அவர்கள் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். இத்தகைய அன்பர்களில் சிலர் கத்தரியும் பசையுமாக உட்கார்ந்து ஒரு விசித்திரமான வேலை செய்கிறார்கள். பழைய வால்வுகளுக்கு, அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே, புதிய அட்டைப் பெட்டி செய்கிறார்கள்!

“ஓர் அட்டைப் பெட்டிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணப் புடவையைக் கடைக்காரர் கொடுத்த அட்டைப் பெட்டியிலேயே வருஷக் கணக்காக வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் நாம். நமக்கு இந்த ஆசை புரியாமல் போகாது. ஆனால் வால்வின் பெட்டியில், ஆசையை விடப் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், பெட்டிக்குள் இருப்பவரைச் சற்று அறிமுகம் செய்துகொள்வோம்.

கண்ணாடிக்குள் ஒரு கதவு

வால்வு என்பது, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு கம்பி சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, எதிரே உள்ள தகட்டுக்குப் பாய்கின்றன. போகலாம், திரும்பி வர முடியாது. ஒருவழிக் கதவு மாதிரி இருப்பதால்தான் அதற்கு வால்வு என்று பெயர். இதை 1904-ல் செய்து காட்டியவர் இங்கிலாந்தில் இருந்த பிளெமிங் என்ற விஞ்ஞானி. 1906-ல் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், நடுவே மூன்றாவதாக ஒரு கம்பியை நுழைத்தார். அதில் ஏற்படும் சிறு அசைவு, தகட்டுக்குப் பாயும் பெரிய ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்தது. குழாயின் திருகை ஒரு விரலால் அசைத்து, கொட்டுகிற தண்ணீரை அடக்குகிறோமே, அதே கதைதான். ஆகாயத்தில் மிதந்து வந்த மெலிந்த குரலை வீடு நிறையக் கேட்கும்படி செய்தது இந்தச் சாமர்த்தியமே.

வேஷ்டி நெய்த ஊர்

வால்வுக்குப் பேர் போன ஊர்களில் ஒன்று, இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பிளாக்பர்ன். அந்த ஊருக்கும் நமக்கும் பழைய பந்தம் உண்டு. நம் நாட்டுக்கு வேஷ்டித் துணி நெய்து அனுப்பிய ஊர் அது! இந்தியாவிலேயே ஆலைகள் பெருகி, அந்நியத் துணி பகிஷ்காரமும் வலுத்தபோது, அந்த வட்டாரத்தில் பல தறிகள் நின்றுபோயின. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்திஜி, பிளாக்பர்னுக்கு அடுத்த ஊரான டார்வனுக்கே போய், நெசவாலைத் தொழிலாளிகளைச் சந்தித்தார்.

ஏழு வருஷம் கழித்து, 1938-ல், முல்லார்ட் கம்பெனி பிளாக்பர்னில் வால்வுத் தொழிற்சாலையைத் திறந்தது. அங்கே பெண்கள் வரிசை வரிசையாக அமர்ந்து, இடுக்கியால் நுண்ணிய பாகங்களை எடுத்துக் கோத்து வால்வு கட்டினார்கள். சில வகை வால்வுகளில் உள்ள கம்பி, தலைமுடியை விட மெல்லியது. நம் நாட்டிலும் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை 1961-ல் ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்தது. பழைய ரேடியோ பாடும்போதெல்லாம், முகம் தெரியாத யாரோ ஒருவரின் பொறுமை அதில் இருக்கிறது.

பெட்டி சொல்லும் பேர்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த கண்ணாடிச் சாமானை எப்படி அனுப்புவது? ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனி அட்டைப் பெட்டி. பெரிய வால்வாக இருந்தால், உள்ளே நெளிநெளியான அட்டைச் சுருள் வேறு. மேலே கம்பெனியின் முத்திரையும் வால்வின் எண்ணும் அச்சாகியிருக்கும்.

அந்த எண் ஒரு ஜாதகம். உதாரணமாக, ‘இ.ஸி.ஸி. 83’ என்றிருந்தால், ‘இ’ என்பது சூடேற 6.3 வோல்ட் வேண்டும் என்பதைக் குறிக்கும். இரண்டு ‘ஸி’, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் குடியிருப்பதைச் சொல்லும். 8 என்றால் அடியில் ஒன்பது முள். கடைசி 3 வரிசை எண். ‘இ.எல். 84’, ‘யு.எல். 84’ என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கா தங்கை போல் இருக்கும். ஆனால் அக்காவுக்கு 6.3 வோல்ட் போதும். தங்கைக்கு 45 வோல்ட் வேண்டும்! ஆளை மாற்றிச் செருகினால் ரேடியோ பாடாது, வால்வும் பாழாகிவிடக்கூடும்.

தொல்லை என்னவென்றால், பல வால்வுகளில் கண்ணாடியின் மேல் அச்சடித்த எழுத்து, ஈரக் கையால் துடைத்தாலே போய்விடும். அப்புறம் அது யார் என்று சொல்வதற்குப் பெட்டிதான் சாட்சி. அந்தச் சாட்சிக்கோ ஆயுள் குறைவு. மரக்கூழ் அட்டை நாளாக ஆக மஞ்சளித்து நொறுங்கும். மாவுப் பசையை ராமபாணப் பூச்சி தின்னும். பெட்டி போனால், வால்வுகள் இழுப்பறையில் ஒன்றோடொன்று மோதி உருளும். முள் வளையும், கண்ணாடி கீறும். ஆகவேதான் புதுப் பெட்டி.

செய்முறை

கொலுவுக்குக் காகிதத் தோரணம் வெட்டிய கைகளுக்கு இது சிரமமே இல்லை.

இ.ஸி.ஸி. 83 வால்வின் குறுக்களவு சுமார் 22 மி.மீ.; உயரம் முள்ளோடு சேர்த்து சுமார் 56 மி.மீ. பெட்டியின் ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. அகலமும், 60 மி.மீ. உயரமும் இருக்கட்டும். நான்கு பக்கத்துக்கு 100 மி.மீ.; ஒட்டுவதற்கு 10 மி.மீ. பட்டை. மேலும் கீழும் மூடிக்கு 25, அதைச் செருகும் நாக்குக்கு 10. ஆக, 110-க்கு 130 மி.மீ. அட்டை வேண்டும். ஓர் ஏ-4 அளவு அட்டையில் இரண்டு பெட்டி தேறும்.

முதலில், கிழிந்ததாயினும் ஓர் அசல் பெட்டியை ஒட்டிய இடத்தில் மெல்லப் பிரித்து, தட்டையாக விரித்துப் படம் எடுக்க வேண்டும். கறையையும் கிழிசலையும் கம்ப்யூட்டரில் நீக்கி, எழுத்துக்களைத் திருத்தி வரைந்து, சற்றுக் கனமான அட்டையில் அச்சடிக்க வேண்டும். மை கசியாமலிருக்க, நிறமற்ற வார்னிஷை மெல்லியதாகத் தெளிக்கலாம்.

வெட்டுவதற்கு முன், மடிப்பு வர வேண்டிய கோடுகளில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால், ஸ்கேல் வைத்து அழுத்திக் கோடு போட்டுவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மடிப்பில் அட்டை வெடித்து, வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஒட்டுப் பட்டையை அடுத்த பக்கத்தை அரை மி.மீ. குறைத்து வெட்டினால், பெட்டி கோணாமல் மடியும். மைதா பசை வேண்டாம். அது பூச்சிக்கு விருந்து. தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையை இழையாகத் தடவி ஒட்டி, தட்டையாகவே மடித்து, கனத்த புஸ்தகம் ஒன்றைப் பாரமாக வைத்துக் காயவிடுங்கள்.

பெட்டியா, பொய்யா?

இதோ, முன்பு சொன்ன பெரிய விஷயம். பழைய ரேடியோக்காரர்கள் மட்டுமல்ல. மின்சார கிதார் வாசிப்பவர்களும், இசைத்தட்டு ரசிகர்களும் பழைய முல்லார்ட், டெலிபங்கன் வால்வுகளைத் தேடி அலைகிறார்கள். ‘பழைய சரக்கு, ஆனால் பிரிக்காத பெட்டி’ என்றால் விலை ஏறிவிடும். உழைத்து ஓய்ந்த வால்வைத் துடைத்து, புதிதாக எண் அச்சடித்து, டீத் தண்ணீரில் தோய்த்துப் பழசாக்கிய புதுப் பெட்டிக்குள் போட்டுவிட்டால்? வாங்குகிறவர் பெட்டியைப் பார்த்துத்தானே பணம் கொடுக்கிறார்! பேரும் கைமாறக் கூடியதுதான். முல்லார்ட் என்ற பெயரைப் பிற்காலத்தில் ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கி, ரஷ்யாவின் சராடவ் நகரில் செய்த வால்வுகளுக்கு இட்டது. அது முறையான வியாபாரம். ஆனால் பிளாக்பர்ன் வால்வு அல்ல.

நல்ல வேளை, வால்வே உண்மை சொல்லும். முல்லார்ட் வால்வுகள் பலவற்றில், கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கிய குறியீடு ஒன்று தெரியும். ‘பி4இ1’ என்றிருந்தால், ‘பி’ பிளாக்பர்ன். 4 வருஷத்தின் கடைசி எண். ‘இ’ ஐந்தாவது மாதமான மே. 1 முதல் வாரம். டெலிபங்கன் வால்வுகள் பலவற்றின் அடிக் கண்ணாடியிலேயே வைர வடிவம் பதிந்திருக்கும். கண்ணாடியின் உட்புறம் ஓரிடத்தில் வெள்ளி பூசியது போன்ற பளபளப்பு இருக்கிறதல்லவா? அது மிச்சம் மீதிக் காற்றை விழுங்குவதற்காகப் பூசிய பேரியம். அது பால் போல் வெளுத்திருந்தால், காற்றுப் புகுந்து வால்வின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் வாங்காதீர்கள்.

ஆகவே, பெட்டி செய்கிறவர்கள் இரண்டு விரதம் காக்க வேண்டும். பழசு போல் காட்டக் கறை ஏற்றக் கூடாது. மூடியின் உட்புறம், ‘இது மாதிரிப் பெட்டி’ என்று செய்த வருஷத்தோடு அச்சடிக்க வேண்டும். சொந்த அலமாரிக்கு அழகாகச் செய்துகொள்வது வேறு; பிறருடைய முத்திரையைப் போட்டு விற்பது வேறு.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரேடியோ இருக்கலாம். ஆசைப்பட்டு உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். பழைய பாகங்கள் புகைந்துவிடும். விஷயம் தெரிந்த மெக்கானிக் முதலில் பார்க்கட்டும். பக்கத்தில் கிழிந்த வால்வுப் பெட்டி கிடந்தால் குப்பையில் போடாதீர்கள்; அதுதான் புதுப் பெட்டிக்குத் தாய். புதுப் பெட்டி செய்து முடித்ததும், மூடியின் உட்புறம் உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘பெட்டி புதிது; வால்வு, தாத்தாவின் ரேடியோவில் இருந்தது.’