பேக்கரும்பு மேடையும் ஆழ்கடல் படகும்

எனக்குச் சொந்த ஊர் கடலாடி. சாயல்குடி போய் ஈசிஆர் பிடிச்சு, பாம்பன் பாலம் ஏறி இறங்கினா, ராமேஸ்வரத்துக்கு முன்னாடியே பேக்கரும்பு வந்துடும். அப்துல் கலாம் நினைவிடம் அங்கதான். 2017 ஜூலை 27, அவரோட இரண்டாவது நினைவு நாள்ல பிரதமர் மோடி அதைத் திறந்து வெச்சார்.

அந்த விழான்னதும் பலருக்கு வீணை வாசிக்கிற கலாம் சிலையும், பக்கத்துல வெச்ச பகவத் கீதையும்தான் ஞாபகம் வரும். கீதை மட்டும் ஏன், திருக்குறள் எங்கேன்னு பெரிய சர்ச்சை. கலாம் குடும்பத்துல ஒருத்தர் குர்ஆனும் பைபிளும் கொண்டுவந்து வெச்சார். டிவி விவாதமெல்லாம் அதிலேயே முடிஞ்சுபோச்சு.

பேச்சை முழுசா கேட்டா வேற ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, டிஆர்டிஓ ஒரே வருஷத்துல கட்டி முடிச்ச அந்த நினைவிடத்துக்கு உழைச்ச தொழிலாளர்களுக்காகக் கூட்டத்தை எழுந்து நின்னு கைதட்டச் சொன்னார். திறப்பு விழா மேடையில கொத்தனாருக்குக் கைதட்டல் கிடைக்கிறது அபூர்வம்தானே!

இன்னொண்ணுதான் எங்க கடற்கரைக்கு முக்கியம். அன்னைக்கே சில மீனவர்களுக்கு ஆழ்கடல் தூண்டில் படகுக்கான அனுமதிக் கடிதம் கொடுத்தாங்க. காரணம் எளிது. பாக் நீரிணை ரொம்பக் குறுகல். 1974 ஒப்பந்தம் அதுல ஒரு எல்லைக்கோடு போட்டுச்சு. இழுவை வலை போடுற விசைப்படகு அந்தக் கோட்டைத் தாண்டினா கைது, படகு பறிமுதல். அதனால அந்தப் படகை விட்டுட்டு, சூரை பிடிக்க ஆழ்கடலுக்குப் போங்கங்கிறது திட்டம். மூணு வருஷத்துல 2,000 படகுகள் இலக்கு.

கணக்கைப் பாருங்க. 2017-ல ஒரு படகு 80 லட்சம். மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம். மிச்சம் 24 லட்சம், அதுல 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் மீனவர் கைக்காசு. பழைய படகையும் ஒப்படைக்கணும். ராத்திரி போய் காலையில கரை திரும்புற பழக்கம் உள்ளவங்க, வாரக்கணக்குல கடல்லயே தங்கணும். டீசல், ஐஸ், புதுத் தொழில், எல்லாமே கூடுதல் செலவு. அந்த இலக்கு எட்டப்படல. கைதுச் செய்தியும் நிக்கல.

கலாமோட அப்பாவும் ஒரு படகு வெச்சிருந்தார். யாத்திரிகர்களை தனுஷ்கோடிக்கு ஏத்திட்டுப் போற மரப்படகு. ஒரு புயல்ல அது போயிடுச்சு.