மீந்த மருந்தும் முயலின் வயிறும்

சில மாதங்களுக்கு முன் வைட்டிலாவில் உள்ள எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், வந்த வேலை முடிந்த பின்னும் எழாமல் அமர்ந்திருந்தார். அவருடைய மகள் ஆசையாக வளர்த்த முயல் இறந்துவிட்டது. முயல் தும்முவதைக் கண்டு, மகளுக்கு வாங்கியதில் மீந்திருந்த அமாக்சிசிலின் மருந்தைச் சில நாள்கள் புகட்டியிருக்கிறார். தும்மல் நிற்கவில்லை, கழிச்சல் கண்டு முயல் மடிந்தது. "நல்லது என்று எண்ணித்தானே கொடுத்தேன்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. பின்னர் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு நஞ்சு

முயலும் கினிப் பன்றியும் தாம் உண்ணும் புல்லைச் செரிப்பதற்குக் குடலில் வாழும் நுண்ணுயிர்களையே நம்பியுள்ளன. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் அழிகின்றன. அவை இருந்த இடத்தில் கிளாஸ்டிரிடியம் வகை பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. மனிதருக்குப் பழக்கமான மருந்து முயலின் உயிரைப் பறிப்பது இவ்வாறுதான்.

பாம்பு, ஆமை, இகுவானா ஆகியவற்றின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. கூண்டு குளிர்ந்திருந்தால் மருந்து உடலில் செயற்படும் வேகமும் மாறும். நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். எனவே மருத்துவர் மருந்தின் அளவோடு கூண்டின் வெப்பநிலையையும் கேட்டறிகிறார்.

ஆன்டிபயாட்டிக் மருந்தே கூடாது என்பதன்று. கிளிகளுக்கு வந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் மருந்தைப் பல வாரங்கள் இடைவிடாது கொடுக்க வேண்டியுள்ளது. பறவை தேறிவிட்டதெனப் பாதியில் நிறுத்தினால் நோய் மீளக்கூடும்.

பொறுப்பான மருத்துவம் எது?

தவறான உணவு, குளிர், வளர்ந்துவிட்ட பல், போதிய வெயிலின்மை ஆகியவையும் இவ்வுயிர்களைச் சோர்வடையச் செய்யும். இவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தீர்வாகாது. ஆதலால் பொறுப்புள்ள கால்நடை மருத்துவர் பாக்டீரியாத் தொற்று உண்டா என்பதை முதலில் ஆராய்கிறார். இயன்றவரை மருந்து தொடங்கும் முன்பே மாதிரி எடுத்து, எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்று ஆய்வகத்தில் சோதிக்கிறார். விலங்கை கிராம் கணக்கில் எடைபோட்டு, அந்த இனத்துக்கு ஏற்ற மருந்தையும் அளவையும் முடிவு செய்கிறார். மனிதருக்கு இறுதிப் புகலாக வைத்துள்ள மருந்துகளைத் தவிர்க்கிறார். மருந்துச் சீட்டு இன்றி வெறும் உணவு மாற்றத்தோடு அவர் அனுப்பினாலும் அதற்குரிய கட்டணம் வீணன்று.

நம் வீட்டையும் தொடும் சிக்கல்

தேவையின்றிக் கொடுக்கும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறது. கூண்டைக் கழுவும் கைகள் வழியே அவை குடும்பத்தாரை அடையலாம். சிறு ஆமைகளிலிருந்து குழந்தைகளுக்கு சால்மொனெல்லா தொற்றியதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

கேரளம் 2018இலேயே இதற்கென மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024இல் 'ஆபரேஷன் அம்ருத்' நடவடிக்கையைத் தொடங்கியது. உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டின் மருந்து பயன்படுவதை மத்திய அரசு 2019இல் தடை செய்தது. வீட்டுக் கூண்டுக்குள் நடப்பதைக் கண்காணிக்க வேண்டியவர்களோ வளர்ப்பவர்களாகிய நாமே.

நாம் செய்யத்தக்கவை

• மீந்த மருந்தையும் மனிதருக்கான மருந்தையும் தாமாகக் கொடுக்க வேண்டாம்.
• அயலக விலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவரை, நோய் வருமுன்பே அறிந்து வையுங்கள்.
• "இது பாக்டீரியாத் தொற்றுதானா? சோதனை தேவையா? எத்தனை நாள் மருந்து?" என்று கேளுங்கள்.
• சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். கூண்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் நம் அனைவர்க்கும் பொதுவான வைப்புத்தொகை போன்றவை. ஒருவர் தேவையின்றி எடுத்தால் குறைவது எல்லோருடைய இருப்பும்தான். உண்மையான தேவை வரும் நாளில் அந்த இருப்பு கைகொடுக்க வேண்டுமெனில், இன்று அதைச் சிக்கனமாகக் காப்போம்.