உஷார்! தண்ணீர் முதுகுக்குப் பின்னால் வருகிறது

பிரிட்டனில் காட்டு வாத்து வேட்டை சீசன் செப்டம்பர் 1-ல் தொடங்குகிறது. உள்நாட்டுக் குளம், வயல்களில் ஜனவரி 31 வரை. கடலோரச் சேற்றுவெளியில் பிப்ரவரி 20 வரை. சட்டப்படி நடக்கிற, பல நூற்றாண்டுப் பழக்கமுள்ள வேட்டை இது. எசெக்ஸிலோ கென்டிலோ குடியிருக்கும் உங்களை வேலையிடத்து நண்பர் ஒருவர், "சனிக்கிழமை விடியற்காலை வாத்து சுடப் போறோம், வர்றியா?" என்று கூப்பிட்டால், உடனே மனசு ஓடுவது துப்பாக்கிப் பக்கம்தான். எந்தத் துப்பாக்கி, என்ன விலை, எங்கே வாங்கலாம்? அதையெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கடல் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும், எந்த வழியாக ஏறும், திரும்பி வர எது கடைசி நேரம் என்று முதலில் கேளுங்கள். இதற்குப் பதில் தெரியாமல் சேற்றில் கால் வைத்தால் துப்பாக்கி உங்களைக் காப்பாற்றாது.

குளக்கரையில் மறைந்து உட்கார்ந்து சுடுவதை மனதில் வைத்துக்கொண்டு கழிமுகத்துக்குப் போகாதீர்கள். வாத்துகளில் பெரும்பாலானவை இரவில் மேய்ந்து, பொழுது புலரும்போது ஓய்வெடுக்கும் இடத்துக்குப் பறக்கும். அந்தியில் மறுபடி கிளம்பும். பெருவாத்துகள், அதாவது கூஸ், பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: இரவைச் சேற்றுமேட்டில் கழித்துவிட்டு, விடிந்ததும் வயலுக்குப் போகும். எப்படியானாலும் வேட்டைக்காரர் இருட்டிலேயே இடம் பிடித்தாக வேண்டும். நிலா வெளிச்சத்தில் சுடுகிறவர்களும் உண்டு. ஆக, இருட்டு, குளிர், சேறு, கடல் நான்கும் ஒரே நேரத்தில் உங்களைச் சுற்றி இருக்கும்.

தண்ணீர் வரும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கரையில் நின்று பார்த்தால் சேற்றுவெளி பலகை போல் தட்டையாகத் தெரியும். இறங்கி நடந்தால் ஆளை மறைக்கும் ஆழத்தில் ஓடைகள் வெட்டி வெட்டிப் போகும். வேட்டைக்காரர் ஒளிய வசதியான இடம் அந்த ஓடைக் கரைதான். நீங்கள் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறு. கடல் எங்கோ தள்ளிக் கிடக்கிறது. இன்னும் நேரமிருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் கடல் ஏற்றம் சமவெளி மேல் பரவுவதற்கு வெகு முன்னாலேயே ஓடைகளுக்குள் புகுந்துவிடும். நீங்கள் வரும்போது கணுக்கால் தண்ணீரில் தாண்டி வந்த ஓடை, உங்களுக்கும் கரைக்கும் நடுவில், உங்கள் முதுகுக்குப் பின்னால் நிரம்பிக்கொண்டிருக்கும். முன்னால் சேறு காய்ந்து கிடக்கும்போதே பின்னால் வழி அடைபட்டிருக்கும்.

அதற்கு அடையாளங்கள் உண்டு. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படும். காலடி ஓடையில் மெல்லிய நுரை ஒன்று கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். பிறகு, அதே நுரை, அதில் ஒட்டிய இறகோடு, கரையை நோக்கி நகரத் தொடங்கும். சேற்றிலுள்ள நண்டு வளைகளில் குமிழி வரும். சத்தமே இருக்காது. வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். நுரை திசை மாறிய அந்த நிமிஷமே எழுந்து நடக்க வேண்டும். கடைசியாக ஒரு கூட்டம் வரும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்காரவே கூடாது.

ஏற்றம் ஒரே வேகத்தில் வராது. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணி நேரத்தில் ஏறுவது மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதித் தண்ணீர் வந்து சேரும். முதல் மணி நேரத்தைப் பார்த்து "மெதுவாகத்தானே வருகிறது" என்று நம்பியவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரியது, வற்றமும் பெரியது. நிலாவை நம்பி இரவு வேட்டைக்குப் போவதும் பௌர்ணமி ஒட்டிய அதே நாட்களில்தான் என்பதை மறக்காதீர்கள்.

அட்டவணை கையில் இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் ஏற்ற வற்ற அட்டவணைகள் பல கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. செப்டம்பரிலும் அக்டோபரின் பெரும்பகுதியிலும் உங்கள் கைக்கடிகாரம் கோடைகால நேரத்தில், ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அட்டவணை 6 மணிக்கு உச்சம் என்றால் கடிகாரத்தில் அது 7 மணி. இதைக் கூட்ட மறந்தவர் 6 மணிக்கு "இனி வடியும்" என்று இறங்குவார். தண்ணீரோ இன்னும் ஒரு மணி நேரம் ஏறும். அட்டவணை ஒரு துறைமுகத்துக்கானது. நீங்கள் நிற்கும் கழியில் நேரம் வேறாக இருக்கும். அது சராசரி வானிலைக்குக் கணக்கிட்டதும்கூட. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் இறங்கினால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கிப் பலமான காற்றும் சேர்ந்தால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். 1953 ஜனவரி 31 இரவு வட கடல் அப்படிப் பொங்கியபோது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர் இறந்தார்கள். லிங்கன்ஷயர், நார்ஃபோக், எசெக்ஸ்: வாத்து வேட்டைக்குப் பேர்போன அதே கரைகள்.

"கையில் செல்போன் இருக்கே" என்று சொல்பவர்கள் தயவுசெய்து இங்கிலாந்தின் மோர்கம் வளைகுடாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2002 ஜனவரியில் அங்கே மீன்பிடிக்கப் போன ஒரு தந்தையும் 9 வயது மகனும் மூடுபனியில் வழி தப்பினார்கள். தந்தை செல்போனில் உதவி கேட்டார். தண்ணீர் ஏற ஏறப் பேசினார். மீட்புக் குழுவினர் தேடிக்கொண்டே இருந்தும் பனிக்குள் அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இருவரும் பிழைக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 2004 பிப்ரவரி 5 இரவு, அதே வளைகுடாவில் மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேரை ஏற்றம் கொண்டுபோனது. இவர்கள் யாரும் வாத்து வேட்டைக்காரர்கள் இல்லை. ஆனால் தண்ணீருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே காம்பஸ் கட்டாயம். பனி இறங்கிய பிறகு அதை எடுத்துப் பயனில்லை. கரையை விட்டு இறங்கும்போதே திரும்பும் திசையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். தலைவிளக்கு, விசில், சேற்றின் ஆழம் பார்க்க ஒரு நீளக் கம்பு, உறையில் போட்ட செல்போன். மார்பு வரை வரும் ரப்பர் உடை போட்டிருப்பதாலேயே ஆழமான ஓடையில் இறங்கலாம் என்ற தைரியம் வரும், அதுவும் ஆபத்து. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் வழுக்கும் கரையில் ஏறவே முடியாது. ஜனவரித் தண்ணீரில் விரல்கள் சில நிமிஷத்தில் விறைத்துவிடும். அதன்பின் போனில் எண்ணை அழுத்தக்கூட விரல் வளையாது.

துப்பாக்கிக்கு வருகிறேன். ஷாட்கன் வைத்திருக்கக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். வீட்டில் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். இது எல்லோரும் அறிந்தது. பலருக்குத் தெரியாதது சேறு. ஓடையில் வழுக்கி விழும்போது குழலின் நுனி சேற்றில் ஒரு முறை குத்தினால் போதும், வாய் அடைத்துக்கொள்ளும். அப்படியே சுட்டால் குழல் வெடித்துப் பிளக்கும். ஓடை தாண்டுமுன் தோட்டாவை எடுத்துவிடுங்கள். தாண்டியதும் குழலை வானத்துக்குக் காட்டி உள்ளே பார்த்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

தாத்தா காலத்துப் பழைய துப்பாக்கியை யாராவது அன்பாகக் கொடுத்தாலும் அவசரப்பட வேண்டாம். நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவைக்கு இங்கிலாந்தில் 1999 முதலே தடை. காரணம் சரியானது. வாத்துகள் தீவனம் அரைபடச் சிறு கற்களை விழுங்கும். கூடவே சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் விழுங்கி நஞ்சேறிச் சாகும். ஈயத்துக்குப் பதில் பெரும்பாலோர் போடும் எஃகு ரவை மிகவும் கடினம். பழைய மெல்லிய குழல்களுக்கு ஆகாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் நிபுணரிடம் காட்டாமல் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. எஃகு எடை குறைவு என்பதால் தூரம் போகப் போக வேகமும் குறைந்துவிடும். 35 கெஜத்துக்கு அப்பால் சுட்டால் பறவை காயத்தோடு போய் எங்கோ விழுந்து துடிக்கும்.

எனக்கு இதில் மிகவும் கோபம் வருவது நாய் இல்லாமல் போகிறவர்கள் மேல். இருட்டில், ஓடும் தண்ணீரில் விழுந்த பறவையை மனிதரால் எடுக்க முடியாது. முயன்று உயிரை விடாதீர்கள். பழக்கிய லாப்ரடார் உள்ளவரோடு போங்கள், இல்லையேல் சுடாதீர்கள். பறவையியலாளர் பீட்டர் ஸ்காட்டையே பாருங்கள். இளமையில் வாஷ் வளைகுடாச் சேற்றில் வாத்து சுட்டுத் திரிந்தவர் அவர். பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்து, 1946-ல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்காக அறக்கட்டளை தொடங்கினார். அவர் மனம் மாறியதில், யாராலும் போய்ச் சேர முடியாத சேற்றில் அடிபட்டு உயிரோடு கிடந்த ஒரு பெருவாத்துக்கும் பங்கு இருந்தது.

சட்டச் சிக்கலும் காத்திருக்கிறது. மல்லார்ட், டீல், விஜன் வாத்துகளைச் சுடலாம். அவற்றோடு அதே வெளிச்சத்தில் பறந்து வரும் பிரென்ட் பெருவாத்தைத் தொடக் கூடாது. அது மல்லார்டை விடக் கொஞ்சமே பெரியது. எசெக்ஸ் கழிமுகங்களில் குளிர்காலம் முழுக்கக் கூட்டம் கூட்டமாக இருக்கும். அரையிருட்டில் எல்லாமே கறுப்பு நிழல்தான். 1981 வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி தவறான பறவையைச் சுட்டால் ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லா அபராதம். "தெரியாமல் சுட்டுவிட்டேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என எண்ண வேண்டாம். நிழலையும் குரலையும் வைத்து இனம் சொல்லத் தெரியும்வரை விரலை விசையில் வைக்காதீர்கள். ஸ்காட்லாந்திலும், நார்ஃபோக், டெவன், கார்ன்வால் போன்ற இங்கிலாந்துப் பகுதிகளிலும் ஞாயிற்றுக்கிழமை சுடத் தடை. உறைபனி இரண்டு வாரம் நீடித்தால் அரசு வேட்டையையே நிறுத்தி ஆணையிடும். காட்டுப் பெருவாத்தின் இறைச்சியை விற்பது குற்றம். நண்பரின் உணவகத்துக்குக் காசுக்குக் கொடுத்தால் இருவரும் மாட்டுவீர்கள். சுட அனுமதியுள்ள பறவைகளின் பட்டியல் மாறக்கூடியது, ஒவ்வொரு சீசனும் புதிதாகப் பாருங்கள்.

பறவைக் காய்ச்சலையும் லேசாக எடுக்காதீர்கள். 2021-22 குளிர்காலத்தில் சால்வே கழிமுகத்தில் பார்னகிள் பெருவாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. சேற்றில் தானாகச் செத்துக் கிடப்பதைத் தொடாதீர்கள், நாயையும் விடாதீர்கள். வீட்டுப் பின்கட்டில் கோழி வளர்ப்பவர் அதே பூட்ஸோடு கூட்டுக்குள் போகவே கூடாது.

விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போகும்போது இந்த வேட்டை ஆசையைக் கூடவே எடுத்துப் போக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் குளிர்காலம் கழிக்கும் ஊசிவால் வாத்து கோடியக்கரைக்கும் வருகிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைச் சுடுவது குற்றம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டு, 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை வாங்கிய மண் அது.

இத்தனைக்குப் பிறகும் ஆசை இருந்தால், நேர்வழி வாத்து வேட்டைக் கிளப்தான். இங்கிலாந்தில் கடலோரச் சேற்றுவெளி பெரும்பாலும் யாருக்காவது சொந்தம். அனுமதியில்லாமல் சுட முடியாது. கழிமுகங்களில் உள்ளூர்க் கிளப்புகள் குத்தகைக்கு எடுத்து நடத்துகின்றன. இவற்றின் தாய் அமைப்பு 1908-ல் தொடங்கியது, இன்று பி.ஏ.எஸ்.சி. என்ற பெயரில் இயங்குகிறது. பல கிளப்புகளில் புதியவரை மூத்தவர் ஒருவரோடுதான் அனுப்புவார்கள். அதை அவமானமாக நினைக்காதீர்கள். முதல் சில தடவை துப்பாக்கியே இல்லாமல், பகலில், வற்றத்தின்போது அவர் பின்னால் நடங்கள். எந்த ஓடை முதலில் நிரம்புகிறது, எங்கே தரை உறுதி, எங்கே கால் உள்வாங்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே போங்கள். முதல் சீசனில் தனியாகப் போகவே போகாதீர்கள்.

சேற்றில் கால் புதைந்துவிட்டால் உருவி எடுக்கப் போராடாதீர்கள். போராடினால் இன்னும் உள்ளே போகும். பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து உடல் எடையைப் பரப்புங்கள். கூட வந்தவர் இழுக்க வந்து தானும் புதைய வேண்டாம். உடனே 999 அழைத்து "கோஸ்ட்கார்ட்" என்று கேளுங்கள். கிளம்புவதற்கு முன்பே, எந்தக் கழி, எந்த இடத்தில் கார், எத்தனை மணிக்குக் கரையேறுவேன் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் தாண்டியும் உங்கள் போன் வரவில்லை என்றால், "சீக்கிரம் வந்துவிடுவார்" என்று காத்திருக்காமல் அவர்களே 999 அழைக்க வேண்டும். இதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.