கண்டியில் நம் கண்ணகி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து பெண்கள் எட்டுப் பேர் கண்டிக்குப் போகவிருக்கிறோம். பஸ் செலவுக்குச் சீட்டுக் காசு சேர்ந்துவிட்டது.

எங்களில் ஐவர் போரில் கணவரை இழந்தவர்கள். "அங்கே நமக்கு என்ன இருக்கிறது?" என்று ஓர் அக்கா கேட்டார். இருக்கிறது என்றேன். 1815இல் பிரித்தானியரிடம் வீழ்ந்த அந்த மலைநாட்டுப் பௌத்த இராச்சியத்தை 1739 முதல் ஆண்ட நான்கு மன்னர்களும் தென்னிந்திய நாயக்கர் வம்சத்தினர். அரசவையில் தமிழும் வழங்கியது.

தலதா மாளிகைக்கு அருகில் பத்தினி தேவாலயம் உள்ளது. அங்கு சிங்கள மக்கள் வணங்குவது நம் கண்ணகியைத்தான். கணவனை இழந்தபின் அரசனிடமே நீதி கேட்டவள் அவள். விதவை எதிரே வந்தால் முழுவியளம் சரியில்லை என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

தோளும் முழங்காலும் மறையும் வெளிர்நிற உடை, அடையாள அட்டை, சோற்றுப் பார்சல் போதும். சகோதரிகளே, வீட்டுக்குள் முடங்காமல் நீங்களும் புறப்படுங்கள்.