எனிமா

எனிமா அல்லது குடல் கழுவல் என்பது ஆசனவாய் வழியாக நீர்மம் ஒன்றை மலக்குடலுக்குள்ளும் பெருங்குடலின் கீழ்ப்பகுதிக்குள்ளும் செலுத்தும் மருத்துவ முறை ஆகும். மலச்சிக்கலை நீக்கவும், சோதனைக்கு முன் குடலைத் தூய்மை செய்யவும், சில மருந்துகளைச் செலுத்தவும் இது பயன்படுகிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளுள் பீச்சு என்றும், ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மச் சிகிச்சைகளுள் வஸ்தி என்றும் இது இடம்பெறுகிறது. வயிற்று உப்புசத்தைத் தணிக்கவும் சில வேளைகளில் கையாளப்படுகிறது.

உப்புசமும் எனிமாவும்

உண்ணும்போது விழுங்கப்படும் காற்றும், செரிக்காத மாவுப்பொருள்களைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்வதால் உண்டாகும் வளிமங்களும் குடலில் சேர்கின்றன. எனிமா நீர் பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பக்கத்தையே அடைகிறது. ஆகவே அங்கு தேங்கிய மலமும் வாயுவும் வெளியேறும். சிறுகுடலில் உள்ள வாயுவோ, வாயு உண்டாகும் காரணமோ இதனால் நீங்குவதில்லை. மெதுவாக உண்ணுதல், நடத்தல், ஒவ்வாத உணவுகளைத் தவிர்த்தல் ஆகியவையே முதலில் கைக்கொள்ள வேண்டியவை.

வாயுவை நீக்க மருத்துவமனைகளில் தனி முறை ஒன்று உண்டு. 100 முதல் 200 மி.லி. நீர்மத்தைச் செலுத்தியபின், பையை உடலின் மட்டத்திற்குக் கீழே இறக்குவர். நீர்மம் வாயுவுடன் திரும்பி வருவதைப் பையில் எழும் குமிழிகள் காட்டும். குமிழிகள் குறையும் வரை, சில முறை இது திரும்பச் செய்யப்படும்.

பாதுகாப்பு

* நீர்மம் உடல் வெப்பநிலையை ஒட்டி, ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் இருத்தல் வேண்டும். மிகுந்த சூடு குடலின் உட்படலத்தைப் புண்ணாக்கும்.
* வெறும் நீரை மிகுதியாகச் செலுத்தினால் இரத்தத்தில் சோடியம் குறையக்கூடும். லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள கரைசல் இரத்தத்தின் உப்புச் செறிவை ஒத்தது.
* நீரின் அழுத்தம் பையின் உயரத்தைப் பொறுத்தது, கொள்ளளவைப் பொறுத்ததன்று. பெரியவர்களுக்குப் பையை உடலுக்கு மேல் 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் பிடிப்பது வழக்கம்.
* இடப்பக்கமாகப் படுத்து, வழவழப்பாக்கிய குழல்முனையை மெல்லச் செலுத்த வேண்டும். தடையோ வலியோ ஏற்பட்டால் அழுத்தாமல் நிறுத்திவிட வேண்டும்.
* சோப்பு நீர், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை குடலைப் புண்படுத்துபவை. காப்பி எனிமாவுடன் தொடர்புடைய இரு இறப்புகள் 1980இல் மருத்துவ இதழில் பதிவாயின.
* சோடியம் பாஸ்பேட் எனிமாவை 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்துவது சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கி உயிரிழப்பு வரை கொண்டு செல்லலாம் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கலாகாது.

தவிர்க்க வேண்டிய நிலைகள்

சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, குடல் அழற்சி, மலத்தில் இரத்தம், அண்மையில் நிகழ்ந்த குடல் அறுவை ஆகியவை இருப்பின் மருத்துவரின் அறிவுரையின்றி எனிமா எடுத்துக்கொள்ளலாகாது. வயிறு உப்பிக் கடும் வலியும் வாந்தியும் இருந்து, மலமும் வாயுவும் வெளியேறாவிடின் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அந்நிலையில் வீட்டில் எனிமா கொடுப்பது சிகிச்சையைத் தாமதப்படுத்துவதோடு குடலில் துளை விழவும் இடமளிக்கும்; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாரக்கணக்கில் நீடிக்கும் உப்புசம் பெண்களிடம் சூலகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அதனை எனிமாவால் தணித்துக்கொண்டிராமல் காரணத்தைக் கண்டறிதல் இன்றியமையாதது.