ராயகிரிப் பையன் யாரோடு ஓட வேண்டும்?

பள்ளி விளையாட்டு விழாவில் இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையனையும் மற்றவர்களோடு 100 மீட்டர் ஓட விடுவார்கள். எல்லாரும் முடித்து, தண்ணீர் குடித்த பிறகு அவன் வந்து சேருவான். பலத்த கைதட்டல், ஒரு ஆறுதல் பரிசு. "பாவம், அவனும் ஓடிட்டான்ல!" என்பார்கள்.

எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் அவன் அன்றைக்கு யாரோடும் போட்டி போடவில்லை. ஜெயிக்கவும் வழியில்லை, தோற்கவும் வழியில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-ல் தன் வீட்டுத் தோட்டத்தில் நடத்திய கோடை முகாமில் இருந்து வளர்ந்த இயக்கம் இது. முதல் போட்டிகள் 1968 ஜூலை 20 அன்று சிகாகோவில் நடந்தன. இந்தியாவில் 2001 முதல் 'ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத்' இயங்குகிறது. 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் நம் அணி 202 பதக்கங்கள் வாங்கியது.

இதைப் பாராலிம்பிக்ஸ் என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பாராலிம்பிக்ஸில் தகுதி நேரம் உண்டு, உலகின் மிகச் சிறந்தவர்கள் மட்டுமே போக முடியும். இங்கே வேகம் எவ்வளவு என்பது தடையே இல்லை. 8 வயது ஆகியிருந்தால் போட்டியில் இறங்கலாம். மேல் வயது வரம்பு கிடையாது.

அப்படியானால் போட்டி எப்படி நியாயமாக இருக்கும்? முதலில் எல்லாரையும் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். பிறகு ஆண், பெண், வயது, திறன் பார்த்து, 3 முதல் 8 பேர் வரை உள்ள சிறு பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவுக்குள் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 15 சதவீதத்துக்குள் இருக்கப் பார்ப்பார்கள். 17 வினாடிக்காரன் 19 வினாடிக்காரனோடு ஓடுவான். 30 வினாடிக்காரனுக்கு 31, 32 வினாடிக்காரர்கள் கிடைப்பார்கள். கடைசி அடி வரை யார் முந்துவார் என்று தெரியாது. சுலபமான பிரிவு கிடைக்கட்டும் என்று முதல் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடினால் தகுதி நீக்கமும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த விதி அடுத்தது. மேல் மட்டப் போட்டிக்கு இடம் குறைவாக இருந்தால், எல்லாப் பிரிவுகளிலும் தங்கம் வென்றவர்களின் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். 17 வினாடித் தங்கமும் 30 வினாடித் தங்கமும் அந்தக் குலுக்கலில் சமம்.

சரி, ராயகிரி மாதிரி ஊரில் இதெல்லாம் நடக்குமா? சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கமெல்லாம், படிக்கிற வயசு தாண்டியதும் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள். விளையாட்டில் பங்கெடுப்பது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேசுகிற உரிமை. ஆனால் தென்காசிக்கு எப்போதாவது ஒருநாள் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்த் திரும்புவது பயிற்சி ஆகாது.

தொடங்குவதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு மைதானம், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, வாராவாரம் தவறாமல் வரும் ஒரு ஆள் போதும். 'போச்சே' என்று ஒரு ஆட்டம் உண்டு (பேருதான் அப்படி!). சிறு பந்தை முதலில் போட்டு, பெரிய பந்துகளை அதன் கிட்டே உருட்ட வேண்டும். கோலி ஆடிய யாருக்கும் அஞ்சு நிமிஷத்தில் புரியும். குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில் ஆடும் 'யூனிஃபைட்' முறையும் உண்டு. தெருப் பிள்ளைகளையே சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து எலும்பு இணைப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், டைவிங் போன்றவற்றுக்கு முன் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அந்த நோட்டில் போன மாதம் 31, இந்த மாதம் 29 என்று இருந்தால், அடுத்த முறை அவன் ஓடும்போது "பாவம்" என்று யாருக்கும் சொல்லத் தோன்றாது. "இன்னிக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள்.