செயலாய்வும் வடநெம்மேலி இருளரும்

ஒரு சமுதாயத்தின் நிலையை வெளியே நின்று அளந்து அறிக்கை எழுதுவது ஒருவகை ஆய்வு. அச்சமுதாயத்தாரோடு கூடி அந்நிலையை மாற்ற முயன்று, அம்முயற்சியிலிருந்தே அறிவைப் பெறுவது பிறிதொரு வகை. இதனையே செயலாய்வு என்கிறோம். 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவில் குடியேறிய யூத உளவியலறிஞர் கர்ட் லெவின் 1946இல் எழுதிய கட்டுரையால் இச்சொல் பரவிற்று. எனினும் அவரது முறையில் கேள்வியை வகுத்தவர் பெரும்பாலும் அறிஞரே. கொலம்பியாவின் ஆர்லாண்டோ ஃபால்ஸ் போர்டாவோ (இவர் பிரெஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்தவர்) கேள்வியும் மக்களுடையதாதல் வேண்டும் என்றார். 1977இல் கார்த்தஹேனாவில் இது குறித்து உலக மாநாடு கூட்டினார்.

கல்பாக்கத்திற்கு வடக்கே, மாமல்லபுரத்தைக் கடந்து, வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தன்னைச் செயலாய்வு என்று அழைத்துக்கொண்டதன்று. ஆயினும் நாம் அறிந்தவற்றுள் அதற்கு மிக நெருங்கியது இதுவே. பாம்புத்தோல் வணிகத்தை நம்பி வாழ்ந்த இருளரின் பிழைப்பை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் பறித்தன. ராமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு இணைந்தார். வளையின் வாயையும் மண்ணில் பதிந்த தடத்தையும் கண்டு பாம்பை அறியும் அதே அறிவு இப்போது வேறு பயனுக்கு வந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு முறிமருந்தாகிறது.

இவ்வறிவு இடம்பெயரும்போது என்னாகிறது? 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தனர். (2023இல் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.) திறமை அங்கும் பலித்தது, நோக்கமோ நேர்மாறு. அங்கே அப்பாம்பு ஒழிக்கப்பட வேண்டிய அந்நிய உயிர். வடநெம்மேலியிலோ விடுவித்தலும் தொழிலின் ஒரு பகுதி.

இதனினும் கடினமான முரண் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை அரசின் அனுமதியே வரையறுக்கிறது. வருமானமும் அதனோடு ஏறியிறங்குகிறது. மேலும், ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதால், இக்கரையோர நஞ்சைக்கொண்டு செய்த முறிமருந்து பிற மாநிலங்களில் குறைந்த பலனே தருவதுண்டு என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலின் நஞ்சைப் பல வட்டாரங்களிலும் சேகரிக்க வேண்டுமென அறிவியலார் கோருகின்றனர். நோயாளிக்கு அது நியாயம். ஆனால் அது நிறைவேறின் இருளரின் சந்தை சுருங்கக்கூடும். வினாத்தாளோடு கிராமம் செல்லும் இறையியல் மாணவர் இவ்விடத்தில் யார் பக்கம் நின்று கேள்வி எழுதுவார்? இருளரையே பிற மாநிலங்களில் பயிற்றுநராக்கலாம் என்பது நமக்குத் தோன்றும் ஒரு வழி. அதை முதலில் அவர்களிடமே கேட்டாக வேண்டும்.